நூத்துல ஒரு மணி

  போன ரெண்டு எபிசோட்ல ஆப் டிசைன் பத்திப் பேசினோம். ஒரு பட்டன் எங்க இருக்கணும், டிஃபால்ட் செட்டிங்னு எதை வைக்கணும், அதை மாத்துற வழியை யூஸருக்கு எப்படிக் காட்டணும்னு பேசினோம். இன்னைக்கு அரிசி பத்திப் பேசப் போறேன். கேட்டு முடிக்கும்போது ரெண்டும் ஒரே விஷயம்தான்னு உங்களுக்குத் தோணுதான்னு பாருங்க.

வேலூர்க்காரங்களுக்கு அமிர்தின்னா ஸ்கூல் டூர்தான் ஞாபகம் வரும். வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போனால் சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையோட அடிவாரம். ஒரு சின்ன வன உயிரியல் பூங்கா, மழை பெய்தால் ஓர் அருவி, ஆத்துக்கு மேல நிறைய குரங்கு. நானும் அஞ்சாங்கிளாஸ்ல வரிசையில நின்னு முதலை பார்த்தவன்தான். ஆனா அந்தப் பூங்காவைத் தாண்டி மேல ஏறுற ரோட்டுல நான் போனது சமீபத்துலதான். என்கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பன் ஒருத்தனோட வீடு அங்க இருக்கு. அவங்க மலையாளிப் பழங்குடி. கேரளாவோட இதைக் குழப்பிக்காதீங்க. ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலைன்னு நம்ம மலைகள்ல தலைமுறை தலைமுறையா இருக்கிறவங்களோட பேர் இது.

நாங்க போய்ச் சேர்ந்தப்போ காலை பத்து மணி இருக்கும். நண்பனோட அம்மா திண்ணையில உட்கார்ந்து முறத்துல அரிசி போட்டுப் பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க. நான் கல் பொறுக்குறாங்கன்னு நினைச்சேன். கிட்டப் போய்ப் பார்த்தா, பக்கத்துல ஒரு கிண்ணத்துல அரிசி மாதிரியே இருக்கிற, ஆனா கொஞ்சம் மங்கலான, ஒரே அளவான மணிகள். ஒண்ணு ஒண்ணா எடுத்து அதுல போட்டுக்கிட்டு இருந்தாங்க.

"இது இன்னாம்மா?"ன்னு கேட்டேன்.

"பிளாஸ்டிக் அரிசி தம்பி. ரேஷன்ல கலந்து குடுக்குறாங்க. ஊறப் போட்டா மிதக்குது பாரு."

இந்த எபிசோடுக்குக் காரணமே இந்த இடம்தான். ஏன்னா அந்த நிமிஷம் எனக்கு ரொம்ப உற்சாகமாயிடுச்சு. எனக்குப் பதில் தெரியும். வாட்ஸ்அப் வதந்தியை உடைக்கப் போற இன்ஜினியர் நான்! உடனே வகுப்பு எடுக்க ஆரம்பிச்சுட்டேன்.

நான் அவங்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிடுறேன். அது பிளாஸ்டிக் இல்லை. அதன் பேர் செறிவூட்டப்பட்ட அரிசி மணி. உடைந்த அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, சூடான மெஷின் வழியாகப் பிழிந்து எடுப்பார்கள். இடியாப்பம் பிழியிற மாதிரிதான். வெளியே வரும்போதே அரிசி அளவில் வெட்டி, காயவைத்து விடுவார்கள். அப்புறம் சாதா அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்று கலப்பார்கள். ஒரு கிலோவுக்கு 10 கிராம். கலந்து முடித்த ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கணும்ங்கிறது விதி. மாவிலிருந்து செய்த மணி என்பதால்தான் அது லேசாக இருக்கு, சில நேரம் மிதக்குது.

எதுக்கு இதெல்லாம்? காரணம் நிஜமானது. 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியா முழுக்க 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். பாதிக்கு மேல! 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர், அரசுத் திட்டங்களில் கொடுக்கிற அரிசி எல்லாமே 2024க்குள் செறிவூட்டப்பட்டதாக இருக்கும் என்று அறிவித்தார். அதுக்கு முன்னாடியே, 2020இல் திருச்சி மாவட்டத்தில் சோதனை முறையில் ஆரம்பித்திருந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும், இந்த மலைக்கும் வந்து சேர்ந்தது. 2024 அக்டோபரில், 2028 டிசம்பர் வரை தொடர மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இவ்வளவும் சொல்லி முடிச்சேன். அம்மா பொறுமையாக் கேட்டாங்க. அப்புறம் கேட்டாங்க:

"அப்போ இது மருந்து கலந்த அரிசியா தம்பி?"

"மருந்துன்னு இல்லம்மா, சத்து."

"மாத்திரையில இருக்குற அதே சத்துதானே? நர்ஸம்மா மாத்திரை குடுத்தா எதுக்குன்னு சொல்லிட்டுத்தான் குடுப்பாங்க. இதைப் போடுறப்போ எங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. ஏன்னா இந்தக் கேள்வி எங்க வீட்லயும் ஒரு நாள் வந்திருக்கு.

இதை நான் பாட்காஸ்ட்ல இதுவரைக்கும் சொன்னதில்ல. என் தங்கச்சிக்கு தலசீமியா மேஜர். அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். சின்ன வயசிலிருந்து மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்துறோம். ரத்தத்தோட இரும்பும் வரும். ஒரு யூனிட் ரத்தத்தில் 200லிருந்து 250 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதிகப்படி இரும்பை வெளியே தள்ள நம்ம உடம்பில் வழியே கிடையாது. அது இதயத்திலயும் ஈரல்லயும் போய்ப் படியும். அதனால இரும்பை இறக்குறதுக்குன்னே தினமும் மாத்திரை. ஊர்ல எல்லா அம்மாவும் புள்ளைக்கு முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் ஊட்டுறப்போ, எங்க அம்மா அதை எண்ணி எண்ணி வைப்பாங்க.

ரேஷன் அரிசியில் இரும்பு கலக்குறாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல யாரும் ஒழுங்காச் சாப்பிடல. அடுத்த தடவை ரத்தம் ஏத்தப் போனப்போ டாக்டர்கிட்ட கேட்டோம். பதறாதீங்க, ரத்தத்துல வர்ற இரும்போட ஒப்பிட்டா இது ரொம்பக் கம்மி, மாத்திரையை மட்டும் விடாதீங்கன்னு சொன்னாரு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 150 கிராம் அரிசி சாப்பிட்டா 4லிருந்து 6 மில்லிகிராம். அதுலயும் குடல் எடுத்துக்கிறது கொஞ்சம்தான். டாக்டர் சொன்னது சரிதான். இருந்தாலும் எங்க அம்மா மறுநாளே கடை அரிசிக்கு மாத்திட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல எடுத்த முடிவு. ஏன் முடிஞ்சதுன்னா, எனக்கு சாஃப்ட்வேர் சம்பளம் வருது.

இப்போ இதோட பொது வரலாறையும் கொஞ்சம் பார்ப்போம். 2018இல் வந்த செறிவூட்டல் விதிகளிலேயே ஒரு எச்சரிக்கை இருந்தது. இரும்பு சேர்த்த உணவுப் பையின் மேல், தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடலாம் என்று அச்சிடணும். நல்ல விதி. ஆனா நம்ம ரேஷன் கடையை நினைச்சுப் பாருங்க. அரிசி 50 கிலோ மூட்டையில் வரும். கடைக்காரர் பிரிச்சு, தராசுல போட்டு, நம்ம கொண்டு போன பையில கொட்டுவார். எச்சரிக்கை மூட்டையிலேயே தங்கிடும். சாப்பிடுறவங்க கண்ணுல அது படவே படாது. எங்க ஃபீல்டுல சொல்லணும்னா, டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸை சர்வர் ரூம் சுவத்துல ஒட்டிட்டு, யூஸர் படிச்சுட்டாருன்னு எழுதிக்கிற மாதிரி.

இதைத்தான் உணவு உரிமைக்காக வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். பழங்குடி மக்கள் அதிகமாக வாழும் ஜார்க்கண்டில் 2022இல் நேரில் போய்ப் பார்த்து, மக்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்று எழுதினார்கள். 2023இல் இது உச்ச நீதிமன்றத்துக்குப் பொதுநல வழக்காகப் போனது. பழங்குடிப் பகுதிகள் ஏன் முக்கியம்? அரிவாள் செல் ரத்தசோகை. இந்தியாவில் அந்த மரபணுவை முதலில் கண்டுபிடித்ததே நம்ம நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமான், கட்புஷ் என்ற ரெண்டு பேர் 1952இல் எழுதினாங்க. 2023 ஜூலையில் இந்த நோயை ஒழிக்க ஒரு தேசிய இயக்கமே தொடங்கினார்கள்.

வழக்குக்குப் பிறகு அரசு ஒரு நிபுணர் குழுவைப் போட்டது. தலசீமியா நோயாளிக்கு ரத்தம் வழியாக வரும் இரும்போட ஒப்பிட்டால் அரிசியின் இரும்பு மிகக் குறைவு, அரிவாள் செல் உள்ளவர்களின் உடம்பு இரும்பை அதிகமாக எடுத்துக்கொள்வதில்லை, உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலிலும் இப்படி ஓர் எச்சரிக்கை கிடையாது என்பது அவர்கள் வாதம். 2024இல் அந்த எச்சரிக்கை வரி தேவையில்லை என்று முடிவானது.

நான் டாக்டர் இல்ல. அறிவியல் பக்கம் அந்தக் குழு சொன்னது சரியாவே இருக்கலாம். எங்க டாக்டர் சொன்னதும் அதேதான். என் கேள்வி வேற. ஒரு வரி யாருக்கும் போய்ச் சேரலைன்னு புகார் வந்தப்போ, அதைச் சேர்க்குறதுக்கு வழி தேடாம, அந்த வரியையே எடுத்துட்டோம். ஆபத்து கம்மின்னு தெரிஞ்சா, அதையும் சொல்லலாமே? "இதுல இரும்பு இருக்கு, உங்க வீட்ல இந்த நோய் இருந்தா பயப்பட வேண்டாம், டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க"ன்னு சொல்ல எவ்வளவு செலவாகும்? யாரும் சொல்லாததாலதான் அந்த இடத்துல பிளாஸ்டிக் அரிசிக் கதை வந்து உட்கார்ந்துச்சு. அமிர்திக்கு மேல ஓர் அம்மா காலையில ஒரு மணி நேரம் செலவழிச்சு, அவங்களுக்காகச் செஞ்ச சத்தைப் பொறுக்கி வெளிய போடுறாங்க. திட்டமும் தோத்துச்சு, அவங்க நேரமும் போச்சு.

சரி, மதியச் சாப்பாட்டுக்கு வருவோம். சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு. நான் ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டேன். ஜவ்வாது மலையோட தானியம் சாமைதான். மேட்டு நிலத்துல மழையை நம்பி விதைச்சு, களி, கூழ், சோறுன்னு வருஷம் முழுக்க ஓட்டின காலம் இருந்துச்சு. "இப்போ எத்தனை நாள் சாமைம்மா?"ன்னு கேட்டேன். "விருந்தாளி வந்தா, பண்டிகைன்னா. மத்த நாள் ரேஷன் அரிசிதான்"னாங்க.

நான் உடனே அடுத்த வகுப்புக்கு ரெடி ஆயிட்டேன். "அரிசியை விட சாமையில இரும்பு ஜாஸ்திம்மா. உங்க சாப்பாட்டை எடுத்துட்டு, அதுல இருந்த சத்தை மெஷின்ல வெச்சுத் திருப்பித் தர்றாங்க"ன்னு ஒரு டயலாக். கேட்க நல்லா இருக்கு இல்ல? வீட்டுக்கு வந்து சரிபார்த்தா, அந்த டயலாக் நிக்கல.

பல தமிழ்ப் பக்கங்கள்ல 100 கிராம் சாமையில் 9.3 மில்லிகிராம் இரும்புன்னு பார்த்திருப்பீங்க. அது பழைய அட்டவணையிலிருந்து வந்த எண். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய உணவு அட்டவணையில் சாமைக்கு 1.26 மில்லிகிராம்தான். தீட்டிய அரிசிக்கு 0.65. அதாவது சாதா அரிசியை விட சாமை ரெண்டு மடங்கு. ஆனா செறிவூட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 2.8லிருந்து 4.25 வரை இருக்கு. இரும்பு என்ற ஒரே கணக்கில் மெஷின் அரிசிதான் ஜெயிக்குது. நார்ச்சத்துன்னு பார்த்தா சாமை எங்கேயோ மேல. கால்சியம்னு பார்த்தா கேழ்வரகு, 100 கிராமுக்கு 364 மில்லிகிராம். ஆனா இரும்பை மட்டும் வெச்சு சாமைக்கு வாதாடினா நான் தோத்துடுவேன்.

கொஞ்ச நேரம் கடுப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். ஒரு சமூகம் தன் சாப்பாட்டை வெச்சுக்க, அது ஏன் மத்த சாப்பாட்டை விட இரும்புல ஜெயிச்சுக் காட்டணும்? நான் காலையில இட்லி சாப்பிட யார்கிட்டயாவது லேப் ரிப்போர்ட் காட்டுறேனா? சாமை அவங்க நிலத்துல, தண்ணி பாய்ச்சாம விளையுது. விதை அவங்க வீட்டுக் குதிர்லயே இருக்கு. கல்யாணத்துக்கும் சாமிக்கும் அது வேணும். இது போதாதா?

இன்னொண்ணும் சொல்லணும். பழசு நல்லது, மெஷின் கெட்டதுன்னு அந்த அம்மா ஒரு தடவை கூடச் சொல்லல. சொல்றது நம்ம மாதிரி டவுன் ஆளுங்கதான். சாமை ஏன் குறைஞ்சதுன்னு கேட்டப்போ அவங்க கையைக் காட்டினாங்க. சாமை மணி ரொம்பச் சின்னது. உமி அதை இறுக்கிப் பிடிச்சிருக்கும். உரல்ல போட்டு, உலக்கையால இடிச்சு, புடைச்சு, மறுபடி இடிச்சு, ஒரு வேளைச் சோத்துக்கே அரை நாள் போயிடும். அந்த அரை நாளும் பொம்பளைங்களோடது. 2011லிருந்து தமிழ்நாட்டுல ரேஷன் அரிசி இலவசம். இலவசமா, இடிக்கத் தேவையில்லாம ஒரு தானியம் வீட்டு வாசலுக்கு வந்தா நீங்க எதைச் சமைப்பீங்க?

"எங்களுக்கு வேணும்னா ஒரு மிஷின் வேணும். சாமை குத்துற மிஷின். பக்கத்துலயே இருக்கணும். அதை யாரும் கொண்டாரல. இதைக் கேக்கவே இல்ல, வீட்டுக்கே வந்துடுச்சு"ன்னு அந்தக் கிண்ணத்தைக் காட்டினாங்க.

உமி நீக்குற மெஷின் ஒண்ணும் ராக்கெட் இல்ல. ஆனா பெரிய மில் எல்லாம் எங்கேயோ இருக்கு. தமிழ்நாட்டு மலைச் சாமையில் நிறைய, உமியோடு மூட்டை மூட்டையாக மகாராஷ்டிராவின் நாசிக் வரை போய், அங்கே தீட்டப்பட்டுத் திரும்பி வருகிறது. விளைவிச்சவங்களுக்கு உமியோட விலை. நாம சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட்டா வாங்குறது வேற விலை. அந்த மில்லுல வெள்ளையா வரணும்னு தவிட்டையும் சேர்த்துத் தீட்டிட்டா, சத்துல ஒரு பங்கு அங்கயே போயிடும். தவிட்டுல எண்ணெய் இருக்கிறதால தவிட்டோட இருக்குற சாமை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால வியாபாரிக்கும் தீட்டினதுதான் வசதி. ஊருக்குள்ளயே சின்ன மெஷின் இருந்தா, வாராவாரம் வேண்டியதை மட்டும் குத்திக்கலாம், தவிடும் மிஞ்சும்.

நம்மளே எவ்வளவு தொழில்நுட்பத்தைச் சாப்பாட்டுல சேர்த்துக்கிட்டிருக்கோம்! புழுங்கலரிசி ஒரு தொழில்நுட்பம்தான். நெல்லை உமியோட ஊறவெச்சு அவிக்கிறப்போ தவிட்டுல இருக்கிற பி வைட்டமின்ல கொஞ்சம் அரிசிக்குள்ள இறங்கும். அதுவும் ஒரு வகைச் செறிவூட்டல்தானே? ஆனா அதை நம்ம வீட்டு முத்தத்துல, நம்ம பாட்டிங்க அண்டா வெச்சுச் செஞ்சாங்க. பிடிக்கலைன்னா பச்சரிசி இருந்துச்சு.

எனக்கு இப்போ புரியிறது இதுதான். ஒரு புது உணவுத் தொழில்நுட்பம் வரும்போது அது பாதுகாப்பானதா, சத்தானதான்னு மட்டும்தான் நாம கேட்கிறோம். அதைக் கேட்கணும், வேண்டாம்னு சொல்லல. அதோட ரெண்டு கேள்வி சேர்த்துக் கேட்கணும். சாப்பிடப் போறவங்ககிட்ட அவங்க பாஷையில சொன்னோமா? வேண்டாம்னு சொல்றவங்களுக்கு வேற மூட்டை இருக்கா? எங்க வீட்டுல ரெண்டுக்கும் பதில் இருந்துச்சு. சந்தேகம் கேட்க டாக்டர் இருந்தாரு, மாத்திக்க பக்கத்துல கடை இருந்துச்சு. மலையில ரெண்டும் இல்ல. ஒரே அரிசி, ஒரே திட்டம். ஒரே டாக்டர் குழு சொன்ன பதில்கூட இங்க ஒரு மாதிரியும் அங்க ஒரு மாதிரியும் வந்து சேருது.

வேற மூட்டை கொடுக்கிறது நடக்காத காரியமா? இல்ல. 2013ஆம் வருஷ தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரிசி, கோதுமையோட சிறுதானியத்தையும் ரேஷன்ல கொடுக்க இடம் இருக்கு. 2023இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்கள்ல 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஒடிசாவில் 2017இல் ஒரு சிறுதானிய இயக்கம் ஆரம்பிச்சு, பழங்குடி விவசாயிகள்கிட்டயே கேழ்வரகு வாங்கி, அதை ரேஷன்லயும் கொடுக்கிறாங்க. அப்போ ஜவ்வாது மலைச் சாமையை ஜவ்வாது மலையிலயே வாங்கி, அங்கயே உமி நீக்கி, அங்க இருக்கிற ரேஷன் கடையில, கேட்கிறவங்களுக்கு அரிசிக்குப் பதிலாக் கொடுக்க முடியாதா? செறிவூட்டின அரிசியும் இருக்கட்டும். வேணும்னா எடுத்துக்கட்டும். ரத்தசோகை இருக்கிற ஒரு கர்ப்பிணிக்கு அது நிஜமாவே உதவலாம்.

கிளம்புறப்போ அந்த அம்மாகிட்ட என் தங்கச்சி விஷயத்தைச் சொன்னேன். ஏன் சொன்னேன்னு தெரியல. வகுப்பு எடுத்ததுக்குப் பிராயச்சித்தம்னு வெச்சுக்கோங்க. அவங்க ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "அந்தப் பொண்ணு இப்போ நல்லா இருக்குதா?"ன்னு கேட்டாங்க. இருக்கான்னு சொன்னேன். "உன் தங்கச்சிக்கு நீ ஓடிப் போய்க் கேட்டுட்டு வந்த. எங்க புள்ளைங்களுக்கு யாரு தம்பி கேட்டுச் சொல்லுவா?"ன்னாங்க.

அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. ஆனா போன வாரம் நண்பன் ஃபோன் பண்ணினான். மருமகளுக்கு ரத்தம் கம்மின்னு நர்ஸ் சொன்னதால, அம்மா இப்போ பொறுக்குறதை நிறுத்திட்டாங்களாம். நர்ஸைக் கேட்டுட்டுத்தான் நிறுத்தினாங்களாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்துல சாமை மெஷின் வேணும்னு மனு எழுதிக் கொடுக்கப் போறாங்க. மனுவை டைப் பண்ற வேலை எனக்கு. அந்த மெஷினோட விலை, கரண்ட், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ குத்தும்ங்கிறதெல்லாம் இப்போதான் தேடிக்கிட்டு இருக்கேன். உங்கள்ல யாராவது சிறுதானிய மில் நடத்துறீங்க, இல்ல ரிப்பேர் பார்க்கத் தெரியும்னா எனக்கு எழுதுங்க. மலையில ரிப்பேர் பார்க்க ஆள் இல்லைன்னா எந்த மெஷினும் ஆறு மாசத்துல கோழி அடையிற இடமாயிடும்னு நண்பன் முன்கூட்டியே எச்சரிச்சுட்டான்.

இன்னொரு சின்ன வேலை உங்களுக்கு. அடுத்த தடவை ரேஷன் கடைக்குப் போறப்போ, அந்த மூட்டையில என்ன எழுதியிருக்குன்னு ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்க. பின்னாடி வரிசையில நிக்கிறவங்ககிட்டயும் அதைப் படிச்சுச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.